கலுங்கை உயர்த்தியவர் யார்?

சென்ற இதழில் ஏற்றத்தாழ்வுக்கு வக்காலத்து வாங்கி வந்த கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எழுதியவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் என்பதால் கண்மாயை உவமைக்கு இழுத்திருக்கிறார். மேல்கண்மாய் நிரம்பினால்தான் கலுங்கு வழியாகத் தண்ணீர் கீழ்க்கண்மாய்க்கு வரும்; மேல்கண்மாய்க்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அவன் கரையை வெட்டினால் இரண்டு ஊருக்கும் தண்ணீர் இருக்காது; பணக்காரர்களிடம் சேரும் செல்வமும் அப்படித்தான், பொறுத்திருங்கள், வழிந்து வரும் என்கிறார். நல்ல உவமைதான். ஒரே குறை, அவர் கலுங்கைக் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். கலுங்கு பாறையைப் போலத் தானாக முளைத்ததல்ல. கண்மாய் இவ்வளவு உயரத்துக்கு மேல் நீரைத் தேக்கக் கூடாது என்று கணக்குப் பார்த்துக் கட்டிய கல்கட்டு அது. மேலே வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். மழை குறைந்த வருஷத்தில் மேல் ஊர்க்காரர்களுக்கு ஆசை வரும். குத்துக்கல்லுக்கு நடுவே பலகையைச் செருகி, வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். அவர்கள் வயலுக்கு இன்னொரு பாய்ச்சல் கிடைக்கும். கீழ் ஊருக்குச் சொட்டு வராது. அடைத்த ராத்திரியே கீழ் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். அப்புறம் பஞ்சாயத்து, தாசில்தார், போலீஸ் ஸ்டேஷன். அந்தச் சண்டையில் எந்தப் பெரியவரும் கீழ் ஊர்க்காரர்களைப் பார்த்து, பொறாமைப்படாதீர்கள், வழிந்து வரும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் அடைப்பை எடு என்றுதான் சொல்வார்கள்.

நிரம்பினால் வழிவது தண்ணீரின் குணம். எந்த மட்டத்தில் வழிய வேண்டும் என்பது மனிதர்கள் வைத்தது. கட்டுரையாளர் தண்ணீரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, மட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் அவரால், ஏற்றத்தாழ்வுக்கு அரசியல் தலைவர்களைக் குற்றம் சொல்வது மழை பெய்யாததற்குத் தாசில்தாரைத் திட்டுவது போல என்று முடிக்க முடிகிறது. மழைக்குத் தாசில்தார் பொறுப்பில்லைதான். கலுங்குக்குப் பொறுப்பு உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சம் விவரம்.

சுதந்திர இந்தியா தன் கலுங்கின் மட்டத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. 1953இல் வாரிசுச் சொத்தின் மீது எஸ்டேட் வரி வந்தது. 1957இல் செல்வ வரி வந்தது. முன்னதை 1985இல் எடுத்தார்கள், பின்னதை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். வசூலாவது சொற்பம், வசூலிக்கும் செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். மடை ஒழுகினால் மடையைச் சரிசெய்வது ஊர் வழக்கம். மடையையே பெயர்த்து எறிவது டெல்லி வழக்கம் போலிருக்கிறது. 2019 செப்டம்பரில், வேறு சலுகை கேட்காத நிறுவனங்களுக்கு வரி விகிதம் 22 சதவீதமாக இறங்கியது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அறிவித்ததும் அரசேதான். இந்த மூன்றில் எதில் இயற்கை வேலை செய்தது? மூன்றும் நாடாளுமன்றமும் மந்திரி சபையும் யோசித்து எடுத்த முடிவுகள். மேல்கண்மாய்க் கலுங்கில் மூன்று பலகை செருகியாகிவிட்டது. அதற்குப் பிறகு கீழ்க்கண்மாய்க்காரனிடம் வந்து, நீ பொறுமையாக இரு என்கிறார் நம்மவர்.

தேங்கிய தண்ணீர் எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தோமா பிக்கெட்டியும் அவரோடு சேர்ந்த பொருளியலாளர்களும் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்தியாவின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் நாட்டின் செல்வத்தில் 40.1 சதவீதமும் வருமானத்தில் 22.6 சதவீதமும் இருந்தன. வருமானத்தில் இந்த ஏற்றத்தாழ்வு வெள்ளைக்காரன் காலத்தைவிட மோசம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. இதற்கும் கட்டுரையாளர் கையில் பதில் தயாராக இருக்கிறது. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன என்று கேட்கிறார். இல்லைதான். நடுவிரல் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். நாற்பது மடங்கு நீண்ட விரல் ஒருவருக்கு இருந்தால் அதைப் பழமொழி சொல்லி ஆற்ற முடியாது, வைத்தியரிடம்தான் காட்ட வேண்டும். நூறு பேர் உட்கார்ந்த பந்தியில் ஒருவர் இலையில் நாற்பது பேர் சோறு குவிந்தால், அது அவர் பசிக்குக் கிடைத்த பரிசு என்று யாராவது சொல்வோமா? பரிமாறியவர் யார் என்றுதான் கேட்போம்.

விரல் என்றதும் எனக்கு ஒரு கை ஞாபகம் வருகிறது.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது நான் அதில் தொண்டன். குடுமியான்மலைப் பக்கம் ஒரு தெருவில் ராத்திரி வகுப்பு. கல் உடைக்கும் பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். பகலெல்லாம் பழைய டயரை வளையமாக வெட்டிக் கல்லைச் சுற்றிப் போட்டு, சில்லு தெறிக்காமல் பிடித்துக்கொண்டு சுத்தியலால் அடித்து ஜல்லி உடைப்பார்கள். அதில் ஒரு அக்கா இடது கையின் மூன்று விரல்களில் சைக்கிள் டியூபைத் துண்டு வெட்டிச் சுற்றியிருப்பார். ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. வலது கையில் பலப்பத்தைக் கொடுத்தால் சுத்தியல் பிடிப்பதைப் போல முழுக் கையாலும் பிடிப்பார், பலப்பம் ஒடிந்துவிடும். முதல் மாதத்தில் அவர் எழுதியதைவிட ஒடித்தது அதிகம். "இந்தக் கைக்குக் கல்லுதான் தம்பி லாயக்கு" என்பார். ஐந்து விரலும் ஒன்றாக இல்லை என்பதை அவரைவிடத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. ஆனால் அவர் விரல்கள் அப்படிப் பிறக்கவில்லை.

அந்தக் கையை வைத்துக்கொண்டு கட்டுரையாளரின் முக்கியமான வாதத்தைப் பார்க்கலாம். முதல் போட்டவன் ஆபத்தை ஏற்கிறான், ஆகவே லாபம் அவனுக்கு என்கிறார். கல்குவாரியையே உதாரணமாகவும் தருகிறார்: வங்கிக் கடன் வாங்கி, கிரஷர் போட்டு, டிப்பர் வாங்கி ஓட்டுபவனின் தூக்கம் கெடுவது உங்களுக்குத் தெரியுமா? தெரியும். கடன்காரனின் தூக்கம் எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் ஒன்றை அவர் சொல்லாமல் விட்டார். அந்தப் பாறை யாருடையது? நிறைய இடங்களில் அது அரசுப் புறம்போக்கு. பட்டா நிலமாக இருந்தாலும் அரசு அனுமதி இல்லாமல் தோண்டி விற்க முடியாது. மத்திய அரசின் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் சிறுகனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் வந்தன. ஆக, குவாரி முதலாளி போட்டது மிஷின். பாறையை அவருக்குக் கொடுத்தது ஒரு குத்தகைப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் பெயர் மாறினால் பணக்காரர் மாறிவிடுவார். இதைச் சந்தை என்று சொன்னால் சந்தைக்கே கோபம் வரும்.

ஆபத்தையும் எடுத்துக்கொள்வோம். வெடி வைத்த கல் சரிந்தால் அடியில் இருப்பவர் யார்? கிரஷர் புழுதியை வருஷக் கணக்கில் சுவாசிப்பவர் யார்? முதலாளி நஷ்டப்பட்டால் கிரஷர் போகும், வங்கி ஜப்தி செய்யும். தொழிலாளி நஷ்டப்பட்டால் விரல் போகும், நுரையீரல் போகும். இந்த ஆபத்துக்கு எந்த லாபப் பங்கு என்று கட்டுரையில் தேடினேன். கிடைக்கவில்லை. கூலி கொடுக்கிறோமே என்று மட்டும் ஓர் இடத்தில் இருந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. திருமயம் அருகே ஜகபர் அலி தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்தார். சட்டவிரோதமாகக் கல் வெட்டி எடுப்பதைப் பற்றி அதிகாரிகளுக்கு மனு மேல் மனு கொடுத்துவந்தவர் அவர். விஷயம் கொலை வழக்காகி, குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதாகி, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது வேறு. முதல் போடுகிறவரின் ஆபத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதிய ஒருவர், இந்த மாவட்டத்தில் மனு போடுகிறவரின் ஆபத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் எப்படித் தாண்டிப் போக முடிந்தது? அந்த மனுக்கள் ஏதோ ஒரு மேசையில் கிடந்தன. அந்த மேசைக்கு மேலே ஒரு மேசை, அதற்கு மேலே ஒரு மந்திரி. தலைவர்களின் பொறுப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்பவர்கள் அந்த முதல் மேசையிலிருந்து எண்ணிக்கொண்டு போகலாம்.

சரி, முதலாளி இல்லாவிட்டால் குவாரி ஓடுமா? கட்டுரையாளரின் அடுத்த அஸ்திரம் இது. ஏழைக்குப் பாறையைக் கொடுத்தால் அவன் அதை விற்றுக் குடித்துவிடுவான். தொழில் நடத்த மூளை வேண்டும், அது எல்லோருக்கும் அமையாது என்கிறார். இதை அவர் அமெரிக்காவைப் பற்றியோ ரஷ்யாவைப் பற்றியோ எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு எழுதலாமா? இந்தப் பரிசோதனையை இந்த மாவட்டம் செய்து முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் இங்கே கலெக்டராக இருந்தார். அரசுக் கல்குவாரிகளின் குத்தகையைக் காண்ட்ராக்டர்களுக்குக் கொடுக்காமல், அதே குவாரிகளில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து அவர்களுக்கே கொடுத்தார். அந்தப் பெண்களில் பலர் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள். 1976லேயே சட்டம் போட்டு ஒழித்த கொத்தடிமை முறை, கல் பொடியோடு இங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கையில் குவாரிகள் வந்தன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். குடும்பங்களின் வாழ்க்கை மேம்பட்டது. அதைவிட முக்கியம், அரசுக்கு வந்த வருமானமும் ஏறியது. காரணம் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம். பத்து லோடு எடுத்து மூன்று லோடுக்குக் கணக்குக் காட்டும் வித்தை அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

அதே காலத்தில்தான் அறிவொளியும், அதோடு சேர்ந்து சைக்கிளும். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி ஊர்வலம் வந்ததைப் புதுக்கோட்டைத் தெருக்களில் நின்று பார்த்தவன் நான். மாவட்டம் முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சாய்நாத் எழுதிய அந்தச் சைக்கிள் கதையை வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடமாகப் பல வருஷம் படித்தார்கள். உள்ளூரில் கட்டுரை எழுதுபவருக்கு மட்டும் செய்தி எட்டவில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. பெண்கள் குவாரி நடத்திய அந்தக் கூட்டு முயற்சி நிலைக்கவில்லை. மூளை இல்லாமல் அது கவிழவில்லை. அதற்கு முன்பு சட்டவிரோதமாகக் கல் எடுத்துக்கொண்டிருந்த காண்ட்ராக்டர்கள் விடாமல் தாக்கினார்கள். முதல் ஆதரவைக் கொடுத்த நிர்வாகத்தின் கை பிறகு தளர்ந்தது. ஒரு கலெக்டரின் முனைப்பில் வந்ததை அடுத்து வந்த ஆட்சிகள், எந்தக் கட்சி ஆனாலும், சட்டமாக்கிக் காப்பாற்றவில்லை. கலுங்கைச் சரியான மட்டத்தில் கட்டிவிட்டு, காவலுக்கு ஆள் போடாமல் போனால் மறுபடியும் பலகை செருகத்தான் செய்வார்கள். ஏழைகள் தோற்றார்கள் என்று இந்தக் கதையிலிருந்து முடிவு கட்டுவது, வீட்டைக் கொள்ளையடித்துவிட்டு அந்த வீட்டுக்காரனுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்தது இலவசம். இது இல்லாமல் இப்படி ஒரு கட்டுரை நிறைவு பெறுமா? பள்ளிக்கூடச் சோறு, பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், நூறு நாள் வேலை எல்லாம் சேர்ந்து உழைப்பாளிகளைச் சோம்பேறிகளாக்கிவிட்டன என்கிறார். சோற்றுக்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் தொடங்கியதைக் காமராஜர் 1956இல் மாநிலத்துக்கு விரித்தார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக்கினார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. அந்தச் சோற்றைத் தின்று படித்த பிள்ளைகள்தான் இன்றைக்குக் கட்டுரையாளரைப் போன்றவர்களின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார்கள். அரசு போட்ட சோற்றில் வளர்ந்த திறமையைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, சோறு போட்டதைக் குறை சொல்லக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும்.

நூறு நாள் வேலையால் ஆள் கிடைக்கவில்லையாம். 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்த 336க்கு மேல் ஐம்பது ரூபாய் கூட்டிக் கொடுத்தால் ஆள் ஏன் வரமாட்டார்கள்? தேவை கூடினால் விலை கூடும் என்பதுதானே உங்கள் வேதம்? டீசல் விலை ஏறினால் மறுநாளே ஜல்லிக்கு யூனிட் விலையை ஏற்றத் தெரிகிறது. சிமெண்ட் விலை ஏறினால் சந்தை நிலவரம் என்கிறீர்கள். கூலி ஏறும்போது மட்டும் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கிறீர்கள். 1.45 லட்சம் கோடிக்கு ஊக்கம் என்றும் 336 ரூபாய்க்கு இலவசம் என்றும் பெயர் சூட்டும் தமிழ் அகராதி எந்த அச்சகத்தில் கிடைக்கிறது?

ஆடம் ஸ்மித்தையும் அவர் சாட்சிக்கு அழைக்கிறார். அழைத்தவர் குறுக்கு விசாரணைக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். 1776இல் வந்த தன் புத்தகத்தில், ஒரே தொழில் செய்பவர்கள் கூடிப் பேசினால் அது பொதுமக்களுக்குப் பாதகமாகத்தான் முடியும் என்றும், சட்டத்துக்கு அவர்கள் யோசனை சொன்னால் நெடுநாள் சந்தேகத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்றும் எச்சரித்தவர் ஸ்மித். முதலாளிகளின் கூட்டத்தில் அவர் படத்தை மாட்டுகிறவர்கள் புத்தகத்தைப் பிரிக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

பணக்காரர்கள் கொடுக்காமலா இருக்கிறார்கள், அன்னதானம், கும்பாபிஷேகம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. புதுக்கோட்டைக்காரருக்கு இதற்குப் பதில் அம்மன் காசில் இருக்கிறது. சமஸ்தானத்துக்கென்று இருந்த சின்னஞ்சிறு செப்புக்காசு. ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு. நவராத்திரியில் அரிசியோடு ஏழைகளுக்குத் தானமாகக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் மன்னரை வாழ்த்தினார்கள். அந்த வம்சத்து மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து, வெள்ளைக்காரன் ஏற்காததால் நாட்டைவிட்டுப் போய், பிரான்சின் கான் நகரத்தில் மாளிகை வாழ்க்கை வாழ்ந்து 1928இல் பாரீசில் இறந்தார். யாரை மணந்தார் என்பது அவர் விஷயம். யார் பணத்தில் வாழ்ந்தார் என்பது ஊர் விஷயம். இங்கே நவராத்திரிக்கு ஒரு அம்மன் காசு. அங்கே மத்தியதரைக் கடலோரம் மாளிகை. தானம் என்பது கொடுப்பவர் மட்டத்தைத் தானே வைத்துக்கொள்வது. வரி என்பது ஊர் வைக்கும் மட்டம். கட்டுரையாளருக்குத் தானம் இனிப்பதும் வரி கசப்பதும் இதனால்தான்.

அதே மன்னரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. தேவதாசி மரபில் வந்த தாயின் மகளான முத்துலட்சுமி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரே எதிர்த்தது. மன்னர் அனுமதித்தார். அந்த ஒரு அனுமதியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார், சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர் வந்தார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. ஆட்சியில் இருப்பவரின் முடிவு எதை அழிக்கும், எதை உண்டாக்கும் என்பதற்கு ஒரே மனிதர் இரண்டு பக்கமும் சாட்சி. தலைவர்கள் கையில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் இரண்டையும் மறந்தால்தான் சொல்ல முடியும்.

தலைவர்களின் பொறுப்பு என்பதே கம்யூனிஸ்டுகள் கொண்டுவந்த பேச்சு என்பது அவர் கடைசிக் குற்றச்சாட்டு. அரசியல் சாசனத்தின் 38ஆவது பிரிவு வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அந்த வாசகம் 1978இல், மொரார்ஜி தேசாய் ஆட்சியில் 44ஆவது திருத்தத்தால் சேர்ந்தது. மொரார்ஜியைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லும் துணிச்சல் இருந்தால் சொல்லட்டும். செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுநலனுக்குக் கேடாக ஓரிடத்தில் குவியாதபடி பார்க்க வேண்டும் என்பது 39ஆவது பிரிவு. இவற்றை வைத்து நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. ஆனால் சட்டம் செய்யும்போது இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது, ஏற்றத்தாழ்வுக்கு நீதிபதியிடம் பதில் கேட்க முடியாது, தலைவரிடம்தான் கேட்க முடியும் என்று சாசனமே ஆளைக் கைகாட்டிவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பை அவர் ஆட்டிக் காட்டுகிறார். எல்லாத் தனிச்சொத்தும் சமூகத்தின் வளமாகிவிடாது என்று அது சொன்னது உண்மை. எந்தத் தனிச்சொத்தும் ஆகாது என்று அது சொல்லவில்லை. திருமயத்துப் புறம்போக்குப் பாறை தனிச்சொத்தே இல்லை என்பது தனி விஷயம்.

நெடுவாசல் போராட்டத்தையும் அவர் ஒரு வரியில் ஏளனம் செய்கிறார்: வந்த முதலீட்டை விரட்டிவிட்டு வேலை இல்லை என்று அழுகிறார்களாம். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஹைட்ரோகார்பன் அனுமதி கொடுத்தது. அதில் நெடுவாசல் கர்நாடக நிறுவனம் ஒன்றுக்குப் போனது. ஊரில் யாரையும் கேட்கவில்லை. மறுநாளே போராட்டம் தொடங்கியது. பலாவும் தென்னையும் வாழையும் பூவும் விளையும் செம்மண் அது. ஆழ்குழாய்க் கிணறு போட்டு, மோட்டார் வாங்கி, கடன் வாங்கி அந்த மண்ணில் பணம் போட்ட விவசாயி முதலீட்டாளர் இல்லையா? வெளியூரிலிருந்து வரும் பணத்துக்கு மட்டும்தான் முதலீடு என்று பெயரா? 2020இல் தமிழ்நாடு அரசு வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களை அதற்குள் சேர்த்தது. டெல்லியில் ஒரு முடிவு திறந்த கதவைச் சென்னையில் ஒரு முடிவு மூடியது. இரண்டுக்கும் நடுவே மாதக் கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள். இந்தக் கதையில் சந்தை எந்தக் காட்சியில் வருகிறது?

அரசு எதைச் செய்தாலும் சரி என்று நான் வாதாடவில்லை. நம் வரத்து வாரிகளை மறித்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் தைலமரம் நட்டது அரசின் வனத் தோட்டக் கழகம்தான். எந்த முதலாளியும் அதைச் செய்யவில்லை. பெர்மிட்டுக்கும் கோட்டாவுக்கும் கியூவில் நின்ற காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். அது திரும்பி வரட்டும் என்று யார் ஆசைப்படுவார்கள்? தொழில் நடத்துகிறவர் லாபம் பார்க்கட்டும். மேல்கண்மாய் நிரம்பட்டும். அதன் கரையை வெட்டச் சொல்லி இங்கே யாரும் மண்வெட்டி தூக்கவில்லை. கலுங்கில் செருகிய பலகையை எடுங்கள் என்கிறோம். அதைச் சொன்னவுடன் கரையை வெட்ட வருகிறார்கள் என்று கூச்சல் போடுவது, பலகை செருகியவர்கள் எப்போதும் செய்வதுதான்.

டயர் வளையத்தில் கல் உடைத்த அந்த அக்காவைச் சில வருஷங்களுக்கு முன்பு போய்ப் பார்த்தேன். இப்போது கல் உடைப்பதில்லை, கை ஒத்துழைப்பதில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். குழுவாகக் குவாரி நடத்திய காலத்தில் அவர் எழுதிய கணக்கு. தேதி, லாரி நம்பர், எத்தனை லோடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்து. முதல் பக்கங்களில் கோணல் மாணலாக, போகப் போக நேராக. ஒரு லோடுகூட விடுபடவில்லை என்றார். பிறகு வாசலுக்கு வெளியே ரோட்டைக் காட்டினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தார்ப்பாய் போடாத டிப்பர்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தன.

"இப்பவும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. யாருகிட்ட கணக்குக் குடுக்குறதுன்னுதான் தெரியல" என்றார்.